கலம் செய்வோரும் கலம் ஊர்வோரும்

கோணேசப்பெருமான் கோயில்கொண்ட குன்றின்மீது நிற்பவர் இருவகைக் கடலுக்கு இடையே நிற்பவராவர். ஒருபால் வங்கக் கடல். திருஞானசம்பந்தர் தம் திருக்கோணமலைப் பதிகத்திற் கேட்பித்த அதே முழக்கத்தோடு அஃது இன்றும் பாறையில் மோதிச் சிதறுகின்றது. மற்றொருபால், நகரைக் கடந்து சென்றால், நிலம் இருகை கோத்து அணைத்தாற்போலச் சூழ்ந்து நிற்கும் உட்டுறைமுகம். பெருங்கப்பல்கள் எக்காற்றுக்கும் அஞ்சாது நங்கூரமிடத்தக்க ஆழமும் அமைதியும் அதற்கு உண்டு. பிரித்தானியக் கடற்படை 1957 வரை இவ்விடத்தைத் தன் தளமாகக் கொண்டிருந்ததும் அவ்வமைதி கருதியே. ஆயினும் திருகோணமலை மாவட்டத்துக் கடற்றொழிலாளர் அனைவரும் இந்த அமைதி நீரை நம்பி வாழ்பவரல்லர். தம்பலகாமக் குடாவிலும் கொட்டியாரக் குடாவிலும் வலையிடும் கிண்ணியா, மூதூர் மக்கள் ஒருசாரார். சல்லி, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி முதலிய ஊர்களில் திறந்த மணற்கரையினின்று அலையைக் கிழித்துக் கலத்தைத் தள்ளி, மீளும்போது அதே அலையின் முதுகில் ஏறிக் கரைசேர்வோர் மற்றொருசாரார். கச்சான் வீசும் மாதங்களிற் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கினால் அக்கடலே வேறொரு கடலாகிவிடும்.

ஆதலின் "நல்ல படகு எது?" என்னும் வினா இம்மாவட்டத்தில் விடையற்ற வினா. யாருக்கு, எக்கரையில், எப்பருவத்தில் என்பன சேர்ந்தாலன்றி அவ்வினா பொருள்பெறாது. புதிதாக ஒரு பொருளைச் செய்து மக்கள் கையிற் கொடுக்க விரும்புவோர், அதனைக் கையாளப் போகின்றவரை முன்னரே கண்டு வினவியும், முழுப்பொருளைச் செய்யுமுன் ஒரு முன்மாதிரியை அவர் கையிற் கொடுத்து நோக்கியும் தம் எண்ணத்தைத் திருத்திக் கொள்ளவேண்டும் என்று இக்காலத் தொழில்நுட்ப அறிஞர் வற்புறுத்துவர். கணிப்பொறித் துறையினர் இதனைத் தம் துறையிற் பிறந்த புதுநெறி போலப் பேசுவதுண்டு. கடற்கரையில் இஃது அவர்க்கு முன்னரே பெருஞ்செலவிலும் சில வேளைகளிற் பெருந்துன்பத்திலும் கற்கப்பட்டது.

பண்டைக்காலத்தில் இப்படியொரு நெறி தனியே வேண்டப்படவில்லை. அதன் காரணம் எளிது. கட்டுமரத்தைக் கட்டியவனும் அதனை ஊர்ந்தவனும் பெரும்பாலும் ஒருவனே. தோணி செய்த தச்சன் வேறொருவன் ஆயினும், அவன் அடுத்த தெருவில் இருந்தான். அணியம் சற்றே தாழ்ந்து நீர் ஏறினால், மறுநாட் காலையில் அச்செய்தி தச்சன் வாயிலுக்கு வந்துவிடும். அடுத்த தோணியில் அக்குறை இராது. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்த திருத்தங்களின் திரட்சியே கட்டுமரம் எனலாம். மிதக்கும் மரத்துண்டுகள் சிலவற்றைக் கயிற்றாற் பிணைத்தது என்று பார்வைக்கு எளிதாகத் தோன்றும் அப்பொருளில் எத்தனை வினாக்களுக்கு விடை அடங்கியிருக்கின்றது! அலை மேலேறினால் நீர் மரங்களின் இடைவெளி வழியே தானே வடிந்துவிடும், இறைக்கவேண்டுவதில்லை. கவிழ்ந்தாலும் மூழ்காது. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து, ஒவ்வொரு மரமாகச் சிலரே சுமந்து சென்று உலர்த்தலாம். இவற்றுள் ஒன்றையேனும் எவரும் ஏட்டில் எழுதிவைக்கவில்லை. எழுதப்படாமையினால், வெளியிலிருந்து வந்த பொறியியலார் பலர்க்கு அது பழமையின் எச்சமாகவே தோன்றிற்று.

செய்வோன் ஓரிடத்தும் கையாள்வோன் வேறோரிடத்தும் பிரிந்த காலத்திலேதான் இடர் தொடங்கிற்று. பிரிவு பெரும்பாலும் நன்னோக்கத்தினாலேயே நேர்ந்தது. 1952 அக்டோபரில் இந்தியா, நோர்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய முத்தரப்பினரும் செய்த ஒப்பந்தத்தின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் இந்திய - நோர்வேத் திட்டம் 1953-இல் தொடங்கப்பட்டது. உள்ளூர் ஓடங்களிற் பொறியைப் பூட்டிவிடலாம் என்பது முதல் எண்ணம். அவ்வோடங்களோ தண்டு வலிப்பதற்கென அமைந்தவை. பொறியின் நிறையும் அதிர்வும் அவற்றுக்கு ஒவ்வவில்லை. பின்னர்ப் புதுப்படகுகள் அமைக்கப்பட்டன. அதே பத்தாண்டில் உணவு விவசாய நிறுவனம் அனுப்பிய நோர்வே நாட்டுக் கப்பற் சிற்பி பால் சீனர் என்பார், சென்னைக் கரையின் அலையைக் கடந்து செல்லத்தக்க படகுகளை அமைத்துச் சோதித்தார். இலங்கையில் 1950களின் பிற்பகுதியில் மூன்றரைத் தொன் பொறிப்படகுகள் கடன்முறையில் வழங்கப்படலாயின. கட்டிவைக்கத் துறை உள்ள இடத்தில் அவை நன்கு பயன்பட்டன. திருகோணமலைத் துறைமுகம் அத்தகைய இடமே. ஆனால் இரவில் மணலில் ஏற்றி வைக்கவேண்டிய கரைக்கு அவை உரியனவல்ல. ஒரே மாவட்டத்தில், ஒரே அரசு கொடுக்கும் ஒரே படகு, கொட்பேயில் வரமாகவும் குச்சவெளியிற் சுமையாகவும் ஆகும் என்பதை அட்டவணை எழுதுவோர் எளிதில் உணர்வதில்லை.

இப்பின்னணியிற் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் நிகழ்ந்தது ஊன்றி நோக்கத்தக்கது. கட்டுமரத்துக்கு உரிய மென்மரமும், வள்ளம் குடைதற்குரிய பருத்த அடிமரமும் ஆண்டுதோறும் அரியனவாகி விலையேறிய காலம் அது. கோட்டாறு சமூக சேவைச் சங்கம் முட்டத்தில் ஒரு படகு கட்டும் நிலையத்தை நடத்திற்று. பெல்ஜிய நாட்டுப் பொறியியலாளர் பியர் ஜில்லே அங்கே பல்லாண்டு உழைத்தார். 'சிறியதே அழகு' என்னும் நூலால் உலகறிந்த சூமாக்கர் 1966-இல் நிறுவிய இடைநிலைத் தொழில்நுட்ப வளர்ச்சிக் குழு அம்முயற்சிக்குத் துணைநின்றது. கடலுக்கேற்ற ஒட்டுப்பலகையை வெட்டி, விளிம்புகளைக் கம்பியால் தைத்து, பசையும் கண்ணாடியிழையும் இட்டு இறுக்கும் முறையிற் படகு செய்வது அவர்கள் கருத்து. பருத்த மரம் வேண்டா. சிற்றூர்த் தச்சரே கற்றுக்கொள்ளலாம். காகிதத்தில் இதற்கு மறுப்பே இல்லை.

மறுப்புக் கடலிலிருந்து வந்தது. கட்டுமரக்காரன் பிறந்தது முதல் நீர் வடியும் தளத்தின்மேல் நின்று பழகியவன். உட்குழிந்த படகு எத்துணை உறுதியாயினும், ஓர் அலை உள்ளே வீழ்ந்தால் நீர் நிற்கும். நீர் நின்றாற் படகு கனக்கும். கனத்தால் அடுத்த அலைக்குத் தப்ப இயலாது. அவன் அச்சம் மூடநம்பிக்கையன்று, கணக்கு. ஆதலின் மேலே தளமிட்டு மூடி, ஏறிய நீர் தானே வெளியேற வழிவிட்டு, உடைந்தாலும் மூழ்காதவாறு அமைந்த கலமே அவனுக்கு ஏற்றதாயிற்று. வலையை எங்கே குவிப்பது, எவன் எங்கே நின்று இழுப்பது, பாய்மரத்தை எங்கே நடுவது என்பன ஒவ்வொன்றும் ஒவ்வொரு திருத்தத்தைக் கோரின. 1980களின் தொடக்கத்தில் யப்பானிய வெளியிணைப்பு இயந்திரங்கள் அக்கரைக்கு வந்தபோது, அவற்றைத் தாங்கத்தக்க இலேசான கலம் ஒன்று அங்கே ஏற்கெனவே திருத்தம்பெற்று நின்றது. அதன்பின் ஒட்டுப்பலகைப் படகு விரைந்து பரவிற்று. 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு படகுத் துறைகளை நடத்தி அப்பணியைத் தொடர்ந்தது. ஜில்லே 1985-இல் தம் அனுபவத்தை நூலாக எழுதியபோது அதற்கு இட்ட பெயர் 'சிறியதே கடினம்' என்னும் பொருளது. சூமாக்கருக்கு அன்பான மறுமொழி போலும்! பெரிய கப்பலின் வரைபடத்தை ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டால் போதும். சிறு படகையோ ஒவ்வொரு கரையிலும் ஒவ்வொரு குடும்பமும் ஏற்கவேண்டும்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1979-இல், உணவு விவசாய நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சுவீடன் நாட்டு நிதியுதவியோடு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. இந்தியாவும் இலங்கையும் உட்பட விரிகுடாவைச் சூழ்ந்த நாடுகளின் சிறு கடற்றொழிலாளரே அதன் நோக்கு. மணற்கரையில் ஏறி இறங்கவல்ல பொறிப்படகு ஒன்றைக் காண்பது அதன் முதற்பணிகளுள் ஒன்று. கப்பற் சிற்பி ஓய்விண்ட் குல்பிராண்ட்சென் முதலியோர் இதில் ஈடுபட்டனர். இடர் எங்கே என்பது கரையில் நின்று பார்த்தாலே விளங்கும். படகை உந்துவது அடியிற் சுழலும் விசிறி. ஆழத்தில் அஃது உயிர். ஆழமற்ற நீரில் அதுவே பகை. கரையை நெருங்குகையில் அலை பின்னின்று தள்ள, விசிறி மணலில் ஊன்றினால், படகு நின்று குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய படகை அடுத்த அலை புரட்டிவிடும். விசிறியை முன்னரே நிறுத்திவிட்டாலோ படகு ஆளுகைக்கு அடங்காது. அலைக்குள் கழியும் அந்தச் சில நொடிகளே முழுப் படகின் தகுதியையும் தீர்மானிக்கின்றன. பொறியும் தண்டும் விசிறியும் ஒருசேரச் சாயுமாறு, நீர் புகாத நெகிழ்வான றப்பர் உறையொன்றின் வழியே தண்டினைச் செலுத்தி, கரை தட்டும் வேளையில் விசிறியை மேலே தூக்கிக்கொள்ளும் ஓர் அமைப்பு பல முன்மாதிரிகளின் வழியே உருவாக்கப்பட்டது.

இங்கே கருதத்தக்கது அமைப்பின் நுட்பம் மட்டுமன்று. சோதித்த முறையும் ஆகும். முதலிற் படகுகள் பொறியியலாரின் கண்காணிப்பில் விரைவு, எரிபொருட் செலவு, அலையைக் கடக்கும் திறன் ஆகியவற்றுக்காகச் சோதிக்கப்பட்டன. பின்னர் அவை கடற்றொழிலாளர் கையில் ஒப்படைக்கப்பட்டு மீன்பிடிக்கச் சென்றன. பிடிபட்ட மீனும் செலவான எண்ணெயும் குறிக்கப்பட்டன. இவ்விரண்டாவது சோதனையில் தேறாத படகு முதற்சோதனையில் எத்துணைப் புள்ளி பெற்றிருந்தும் பயனில்லை. ஒரு நாள் ஓட்டிக் காட்டுவதற்கும் ஒரு பருவம் அதைக் கொண்டு குடும்பம் காப்பதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. இலங்கையிற் புறமிதவை பூட்டிய ஓடங்களைத் திருத்தும் பணியிலும் குல்பிராண்ட்சென் பின்னர் ஈடுபட்டார். அவ்வறிக்கை 1990-இல் வெளிவந்தது. பழங்கலத்தை ஒதுக்காமல் அதிலிருந்தே தொடங்கியமை அம்முயற்சியின் சிறப்பு.

இனி, வினவுதல் என்னும் பகுதியைச் சற்று விரித்து நோக்கலாம். கேட்டால் விடை கிடைக்கும் என்பது எளிய எண்ணம். விடை கிடைக்கும்; உண்மை கிடைக்குமா என்பதே ஐயம். ஒரு காட்சியைக் கருதுக. அலுவலர் ஒருவர் வாகனத்தில் வந்து கரையில் இறங்குகின்றார். முதியவர் ஒருவர் வாடியின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருக்கின்றார். "ஐயா, புதுசாய்க் குடுத்த போட் நல்லதோ?" என்கிறார் அலுவலர். "நல்லதுதான் சேர், குறை சொல்ல ஏலாது" என்கிறார் முதியவர். அலுவலர் குறித்துக்கொண்டு செல்கின்றார். முதியவர் பொய் உரைக்கவில்லை. வந்தவரை வருத்தாமை நம் நாட்டுப் பண்பு. குறை சொன்னால் அடுத்த உதவி வராதோ என்பது அனுபவம். பண்பும் அனுபவமும் சேர்ந்து சொன்ன விடை அது. படகைப்பற்றி அதிற் செய்தி ஒன்றுமில்லை.

அதே முதியவரை வேறுவகையிற் கேட்கலாம். "ஐயா, போன கிழமை கடலுக்குப் போய் வந்த அண்டைக்குப் போட்டைக் கரையேத்த எத்தனை பேர் பிடிச்சவை?" "ஆறு பேர் தம்பி. ரெண்டு பேர் என்ர மருமக்கள். மற்ற நாலு பேருக்கும் கறிக்கு மீன் குடுத்தனான்." இவ்விடையில் ஒரு பொறியியல் நூலே அடங்கியுள்ளது. படகின் நிறை ஒவ்வொரு நாளும் மீனாகச் செலுத்தப்படும் வரி என்பது அதிலிருந்து விளங்கும். இருவர் தூக்கத்தக்க படகு அந்த வரியை நீக்கும் என்பதும் விளங்கும். கருத்தைக் கேளாமல் நிகழ்ந்ததைக் கேட்பதும், வருங்காலத்தைக் கேளாமல் சென்ற கிழமையைக் கேட்பதும், "வாங்குவீர்களா?" என்னாமல் "இதற்காக இதுவரை என்ன செலவிட்டீர்கள்?" என்று கேட்பதும் வினவுதற் கலையின் முதற்பாடம் என்பர் இத்துறையினர். விடையிலும் சொல்லைவிட விலகலைக் கவனித்தல் வேண்டும்: கொடுக்கப்பட்ட இருக்கைப் பலகையைக் கழற்றி அடுப்பெரித்திருந்தால், அதுவே தெளிவான விமரிசனம்.

யாரைக் கேட்பது என்பதும் எளிதன்று. கரைக்குச் சென்று வினவினால் முன்வந்து பேசுபவர் சம்மாட்டி. படகும் வலையும் அவருடையன. ஆனால் அலையிற் குதித்துக் கலத்தைப் பிடிப்பவன் கூலிக்கு வரும் இளைஞன். மீன் கரைசேர்ந்தபின் அதனைப் பெட்டியில் ஏற்றி விற்பவர் பெரும்பாலும் வேறொருவர். பல ஊர்களிற் பெண்கள். கச்சான் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து வந்து வாடியடித்துத் தொழில் செய்வோர் இன்னொரு கூட்டத்தார். அவர்கள் கலமும் பழக்கமும் வேறு. ஒருவர் சொல்லை எல்லோர் சொல்லாகக் கொண்டால், செய்யப்படும் பொருள் அவ்வொருவருக்கே உதவும்.

எழுத்தில் விடை பெறுவதும் காவலன்று. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மாதவிலக்குக் காலத்துக்குரிய மலிவான பஞ்சுப்பட்டைகளைச் செய்யும் பொறியை ஆக்கி உலகப்புகழ் பெற்றவர். அவர் முதலில் வீட்டுப் பெண்களிடம் கேட்டார். நாணத்தால் அவர்கள் பேசவில்லை. மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் மாதிரிகளைக் கொடுத்து, கருத்தை எழுதப் படிவமும் கொடுத்தார். படிவங்களைத் திரும்பப் பெறச் சென்றபோது, சில மாணவியரே அமர்ந்து அனைவர்க்குமாக நிரப்பிக்கொண்டிருந்ததைக் கண்டாராம்! பின்னர் அவர் பந்தின் உறையொன்றில் ஆட்டுக் குருதியை நிரப்பித் தம் உடலிற் கட்டிக்கொண்டு, தாமே பட்டையைச் சோதித்தார். ஊரார் அவரைப் பித்தர் என்றனர். மனைவியும் சில காலம் பிரிந்து சென்றார். கேட்டுப் பெறமுடியாத விடையை உடலாற் பெற முயன்றவர் என்ற அளவில் அவர் வரலாறு சிந்திக்கத்தக்கது. எனினும், கையாள்வோரின் இடத்தில் தானே நிற்பது கையாள்வோரைச் சோதிப்பதற்கு ஈடாகாது என்பதும் உண்மையே. பிற்காலத்தில் அவர் பொறி ஊர்ப்பெண்கள் கைக்கே சென்றது.

முன்மாதிரி என்பது வினாவின் மற்றொரு வடிவம் என்று கொள்ளலாம். சொல்லாற் கேட்க முடியாததைப் பொருளாற் கேட்பது. அது முழுமையானதாக இருக்கவேண்டுவதில்லை. கேட்க விரும்பும் ஒன்றைமட்டும் கேட்டால் போதும். அமெரிக்கரான ஜெப் ஹாக்கின்ஸ், 1996-இல் வெளிவந்த 'பாம் பைலட்' எனும் கையடக்கக் கணிப்பொறியை ஆக்குமுன், அதன் அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் சட்டைப்பையில் இட்டுத் திரிந்தார். கூட்டங்களில் அதனை எடுத்து எழுதுவதுபோற் பாவனை செய்தார். பொறி இயங்குமா என்பதன்று அவர் வினா. மனிதன் இதனைச் சுமந்து திரிவானா என்பதே. பேசுவதைத் தானே தட்டச்சு செய்யும் பொறியொன்று மக்களுக்குப் பயன்படுமா என்று அறிய விரும்பிய ஐ.பி.எம். ஆய்வாளர்கள், அப்படியொரு பொறி செய்யவியலாத காலத்தில், அடுத்த அறையில் ஒரு தட்டச்சாளரை மறைத்து வைத்துச் சோதித்தனர். அவ்வாய்வு 1983-இல் வெளியாயிற்று. அதே நிறுவனத்தின் ஜான் கூல்ட், கிளேட்டன் லூயிஸ் ஆகிய இருவரும் 1985-இல் எழுதிய கட்டுரை, கையாள்வோரைத் தொடக்கத்திலேயே நாடுதல், அவர்கள் உண்மையிற் கையாள்வதை அளந்தறிதல், குறை கண்டு மீண்டும் மீண்டும் திருத்துதல் ஆகிய மூன்றையும் வலியுறுத்திற்று.

கடற்கரையில் இதற்கு ஒத்த மலிவான வழிகள் உண்டு. புதுப்படகின் தள அளவைக் கயிற்றினால் மணலிற் கோலி, நால்வரை வலையோடு அதனுள் நிற்கச்செய்து, வலை இழுக்கும் பாவனையில் ஒரு நாழிகை கழித்தால், எவன் முழங்கை எவன் விலாவில் இடிக்கின்றது என்பது பலகை ஒன்றையும் வெட்டாமலே தெரிந்துவிடும். நிறைக்கு மணல்மூடைகளைக் கட்டித் தூக்கச்செய்யலாம். ஆனால் அலைக்குப் பாவனை கிடையாது. ஐவரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் என்னும் ஆய்வாளர் கணிப்பொறித் திரைகளைப்பற்றிக் கூறியது பலராலும் எடுத்தாளப்படுகின்றது. அவ்விதியைக் கடலுக்கு அப்படியே கொண்டுவருதல் தவறாகும். திரை எல்லோர்க்கும் ஒரே திரை. கடல் கச்சானில் ஒன்று, வாடையில் ஒன்று. ஐவரும் ஆடி மாதத்திற் பாராட்டிய படகு மார்கழியில் ஒருவனைக் கொல்லக்கூடும்.

அத்தகைய பேச்சுக்கு இம்மாவட்டத்தில் உயிர்ப்பொருள் உண்டு. 2004 திசெம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்காற் பங்கை அழித்தோ சிதைத்தோ விட்டது. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் இழப்பு மிகுதி. உலகெங்குமிருந்து உதவி வந்தது. கொடுத்தவர்களின் உள்ளன்பிற் குறையில்லை. படகே கண்முன் தெரியும் உதவியாதலாற் பலரும் படகையே கொடுத்தனர். விரைந்து கொடுக்கவேண்டும் என்பதனால் எல்லோர்க்கும் ஒரே அச்சில் வார்த்த கண்ணாடியிழைப் படகு. திடீரென முளைத்த பட்டறைகள் சிலவற்றில் வார்த்தவை மெலிந்தும் பிளந்தும் போயின. அவை கடலுக்கு உரியனவா என்று ஆராய்ந்து, கட்டும் முறைக்கு வரம்பு வகுக்கவேண்டிய நிலை உணவு விவசாய நிறுவனத்துக்கு ஏற்பட்டது. ஓரிடத்திற் படகு மிகுந்தது. வேறோரிடத்தில் வலையில்லாப் படகு மணலிற் கிடந்தது. கட்டுமரத்தில் ஒருவனாகத் தொழில் செய்தவனுக்கு, மூவர் ஏறவேண்டிய படகும் நாடோறும் எண்ணெய் கேட்கும் இயந்திரமும் கிடைத்தன. கரைவலையை நம்பியிருந்த பல குடும்பங்களைக் கொண்ட கூட்டுத்தொழிலுக்கு உதவுவது கடினமாகத் தோன்றியதால், அது பிந்திற்று.

வினவ நேரமில்லை என்பது அந்நாளிற் சொல்லப்பட்ட காரணம். துயரின் முதல் வாரங்களுக்கு அது பொருந்தும். ஆனால் படகுகள் பல வந்தது முதல் வாரத்தில் அன்று. ஓர் ஊரில் முதற்படகைக் கொடுத்து, அதைக் கொண்டு ஒரு மாதம் தொழில் செய்தவரின் சொல்லைக் கேட்டபின் அடுத்த ஐம்பதை வார்த்திருந்தால், காலம் பெரிதும் இழக்கப்பட்டிராது. வார்ப்பச்சு ஒன்று செய்துவிட்டால் அதே அச்சில் ஐம்பது வார்ப்பது மலிவு என்னும் கணக்கே அங்கே வென்றது.

கையாள்வோர் சொல்லே முடிந்த முடிபு என்றும் கொள்வதற்கில்லை. நீண்டகரையில் வேரூன்றிய பொறிப்படகுகள், இறால் ஏற்றுமதி பெருகியபின், அடிமட்ட இழுவலைக்குப் பெரிதும் பயன்பட்டன. படகுடையார்க்கு அது பெரும்பேறு. அவர்களை மட்டும் வினவினால் திட்டம் முழுவெற்றி. ஆனால் அவ்விழுவலை கரையோரத்து வள்ளக்காரர் வலையை அறுத்தது; மீன்குஞ்சுகளையும் வாரிற்று. பூசலும் போராட்டமும் பல்லாண்டு நிகழ்ந்து, 1988 முதல் கேரள அரசு மழைக்காலத்தில் இழுவலைக்குத் தடைவிதிக்கலாயிற்று. படகில் ஏறாதவனும் அப்படகினாற் பாதிக்கப்படுவோனாயின் அவனும் வினவப்படவேண்டியவனே. சோதனை நூல்கள் பெரும்பாலும் இவனைப்பற்றிப் பேசுவதில்லை. பொருளை விற்கும் நோக்கத்தோடு எழுதப்பட்டமையே காரணமாகலாம்.

2022 ஆகத்து மாதத்தில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, வெளியிணைப்பு இயந்திரத்தை நம்பிய கரைகள் யாவும் திகைத்தன. பலர் கடலுக்குச் செல்லவில்லை. அதன்பின், பாய், மின்கலத்தால் இயங்கும் இயந்திரம், சிறிய டீசற்பொறி என்று மாற்றுவழிகள் பேசப்படுகின்றன. இவற்றுள் ஒன்றைச் செய்து நிலாவெளிக்கோ இறக்கக்கண்டிக்கோ கொண்டுவர எண்ணும் இளம் பொறியியலாளர்க்கு முதல் வினாக்கள் கரையிலேயே கிடக்கின்றன. இயந்திரத்தைத் தோளிற் சுமந்து மணலில் நடப்பவர் யார், எத்துணைத் தூரம்? உப்புநீர் தெறித்தபின் அதைக் கழுவ நன்னீர் எங்கே? மின்கலத்தை இரவில் எவர் வீட்டில் வைத்து மின்னேற்றுவது, அந்த வீட்டு மின்கட்டணத்தை யார் கொடுப்பது? வலை நிறைந்து வரும் நாளில் திரும்புங்காற் காற்று எதிர்த்தால் மின்கலம் கரைவரை தாங்குமா? கடைசி வினாவுக்கு விடை காண, கச்சான் மாதத்தில் வந்து பார்ப்பது போதாது. வாடை தொடங்கும் கார்த்திகையில், விடியுமுன், கரையில் இருத்தல் வேண்டும்.